ஒப்புக்குச் சப்பாணி வேண்டாம்: குழந்தைகள் குழுவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

தெருவில் ஐஸ்பாய் விளையாடும்போது யாருடைய தம்பியோ தங்கையோ அழுதுகொண்டே வந்து நிற்கும். "சரி, ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கோ" என்று பெரிய பிள்ளை ஒன்று தீர்ப்புச் சொல்லும். அந்தச் சின்னது அப்புறம் சாயங்காலம் முழுக்க ஓடும், ஒளியும், சிரிக்கும். யாரும் அதைத் தேட மாட்டார்கள், பிடிபட்டாலும் அவுட் கிடையாது. நான்கு வயதுக்கு அது போதும். பன்னிரண்டு வயதுப் பையனை அப்படி வைத்திருந்தால் அவனுக்குப் புரிந்துவிடும். சப்பாணி என்றால் கால் வராதவர் என்று அர்த்தம் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லியே அவனை யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

பள்ளிச் சாரணர் படை, ஜே.ஆர்.சி., என்.எஸ்.எஸ். முகாம், மே மாத சம்மர் கேம்ப், சர்ச்சில் நடக்கும் வி.பி.எஸ்., கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சி, நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கதை நேரம். இதில் ஏதோ ஒன்று இந்த வருடம் உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். திருச்சி பக்கம் ஒரு சிறுவர் குழுவை எட்டு வருடமாக நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைச் சேர்த்து நடத்துவதில் நாங்கள் கற்றதில் பாதிக்கு மேல் தப்பு செய்து கற்றது.

முதல் தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடச் சுற்றுலாவுக்கு மலைக்கோட்டை போனோம். நானூறுக்கு மேல் படி. குழுவில் காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் போட்ட பையன் ஒருவன் இருந்தான். "அவனுக்கே கஷ்டம், எதுக்குச் சொல்லி ஆசை காட்டணும்" என்று அவன் வீட்டுக்கு மட்டும் தகவல் சொல்லவில்லை. மறு வாரம் மற்ற பிள்ளைகள் போட்டோ காட்டித் தெரிந்துகொண்டான். நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது அவன் அம்மா சொன்னது: "பரவால்ல சார், அவனுக்குப் பழகிடுச்சு."

யாரும் "வராதே" என்று சொல்வதில்லை

முதலில் பழக வேண்டியது, ஒதுக்குவது நடக்கும்போதே அதை அடையாளம் காண்பது. நேருக்கு நேர் "உன்னைச் சேர்க்க மாட்டேன்" என்று சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அது அக்கறையின் குரலில்தான் வரும். "பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?" "அம்மா கூடவே இருந்தா வரட்டும்." "டான்ஸ்ல கடைசி வரிசையில நிக்க வச்சுக்கலாம்." "ஸ்கோர் எழுதச் சொல்லலாம், அவனுக்கும் ஒரு வேலை ஆச்சு."

இந்த ஸ்கோர் எழுதும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாள் எழுதினால் அது வேலை. வருடம் முழுக்க ஒரே பிள்ளை எழுதினால் அது ஓரம். பந்து பொறுக்குவது, பை காவல் காப்பது, கைதட்டுவது எல்லாம் இதே ரகம். ஓடுகிற பிள்ளைகளும் முறை வைத்து ஸ்கோர் எழுதட்டும். உங்களுக்கு இவன் கைதான் வேண்டியிருக்கிறதா, அவன் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேண்டியிருக்கிறதா என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு வகை இதைவிட மௌனமானது. பெற்றோரே முந்திக்கொண்டு "இல்ல சார், வேண்டாம்" என்பார்கள். நாலு இடத்தில் மூக்குடைபட்டவர்கள் ஐந்தாவது இடத்தில் கேட்பதே இல்லை. அதனால் உங்கள் குழுவில் அப்படிப்பட்ட குழந்தை யாரும் இல்லை என்றால், உங்கள் ஊரில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அறிவிப்பும் படிவமும்

வாட்ஸ்அப்பில் போகும் நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள்: "மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் வரலாம். என்ன ஏற்பாடு வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் செய்து வைக்கிறோம்." "அனைவரும் வருக" என்று மட்டும் போட்டால் அந்த அனைவரில் தங்கள் பிள்ளை சேர்த்தியில்லை என்றே அந்த வீடுகளில் எடுத்துக்கொள்வார்கள்.

படிவத்தில் "உடல் ஊனம் உள்ளதா? ஆம் / இல்லை" என்ற பழைய கேள்வியை எடுத்துவிடுங்கள். "ஆம்" என்று எழுதினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பலரும் "இல்லை" என்றே எழுதுவார்கள். வலிப்பு இருக்கும் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவதுதான் நிஜமான ஆபத்து. நாங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கேட்பது: நடக்க, பார்க்க, கேட்க, பேச, சாப்பிட, பாத்ரூம் போக ஏதாவது உதவி வேண்டுமா? என்ன மருந்து, எத்தனை மணிக்கு? எதைக் கண்டால் பயம், எதில் ரொம்பப் பிரியம்? கேள்விகளுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: "இதில் எதை எழுதினாலும் சேர்க்கை மறுக்கப்படாது." அந்த வரியைப் போட்ட வருடம்தான் ஒரு சிறுமிக்கு இடது காது கேட்காது என்பது எங்களுக்குத் தெரியவந்தது. இரண்டு வருடமாக எங்களிடம் வந்துகொண்டிருந்த பிள்ளை அவள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. கார்டைக் காட்டச் சொல்லாதீர்கள். அது அரசு உதவி வாங்க வேண்டியது, விளையாட வருவதற்கு எதற்கு?

வீட்டோடு பேசும்போது

போனில் பேசினால் "ஒண்ணும் பிரச்சனை இல்லை சார்" என்று முடித்துவிடுவார்கள். நேரில் போங்கள், அரை மணி நேரம் போதும். என்ன நோய், யாரால் வந்தது, சொந்தத்தில் கல்யாணமா என்றெல்லாம் விசாரிக்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்வி அது. "வீட்டில எப்படிப் பழகுவான்?" என்று தொடங்கினால் பேச்சு தானாக ஓடும்.

குழந்தை அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது அம்மாவிடம் மட்டும் பேசுவதும் ஒரு தப்புதான். முதலில் குழந்தையைப் பார்த்துக் கேளுங்கள். பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகள் சிலருக்கு ஒரு சொல் வாயில் வர நேரம் ஆகும். ஐந்து விநாடி, பத்து விநாடி பொறுங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டாமல் "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேளுங்கள். பேச்சே வராத பிள்ளை என்றால் "போதும்", "வேண்டாம்", "பாத்ரூம்" இந்த மூன்றையும் எப்படிக் காட்டும் என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எங்களிடம் வந்த ஒரு பெண் "வேண்டாம்" என்பதைக் காதைப் பொத்திக் காட்டுவாள். அது தெரியாத ஒருவர், சத்தம் அதிகம்போல என்று ஸ்பீக்கரை மட்டும் குறைத்துவிட்டு, அவளுக்குப் பிடிக்காத ராட்டினத்திலேயே அவளைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்.

சில உடல்நிலைகளுக்கென்று தனியாகக் கேட்க வேண்டியவையும் உண்டு. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தத் தேதியைக் கேட்டுவிட்டு முகாம் தேதி வையுங்கள். நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்கள் சிலவற்றில் அரிவாள் செல் நோய் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. குளிரும் தண்ணீர் போதாமையும் அதில் கடும் வலியைக் கிளப்பிவிடும், ஆகையால் ஸ்வெட்டரும் தண்ணீர் பாட்டிலும் இங்கே மருந்துக்குச் சமம். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா என்றால் கபடி மாதிரி மோதும் ஆட்டங்களும் கூடாது, நீங்களாக வலி மாத்திரை கொடுப்பதும் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து மூட்டு பலவீனமாக இருக்கும். டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போட விடாதீர்கள். காது கேட்க உள்ளே கருவி பொருத்திய, அதாவது காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த பிள்ளை தண்ணீரில் இறங்கும்போது வெளிக்கருவியைக் கழற்றிவிடும். அதற்குப் பிறகு கரையிலிருந்து நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் விழாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கே பத்து நிமிடம்தான் ஆகும், ஆனால் தெரியாததால்தான் பலர் "எதுக்கு ரிஸ்க்" என்று பிள்ளையையே விட்டுவிடுகிறார்கள்.

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் அநேகமாக அவர்களில் ஒருவருக்கு அந்தக் குழந்தையைத் தெரிந்திருக்கும். பெற்றோரிடம் சொல்லிவிட்டு அவரிடமும் ஒரு தடவை பேசுங்கள்.

இடம் பார்க்கப் போகும் நாள்

இஞ்ச் டேப் ஒன்று கொண்டுபோங்கள். மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் பாத்ரூமைப் பாருங்கள். வகுப்பறை கீழ்த்தளத்தில் இருக்கும், மேடைக்குச் சரிவு இருக்கும், கழிவறை மட்டும் மூன்று படி ஏறி, இரண்டடி அகலக் கதவோடு நிற்கும். சாதாரண வீல்சேரே இரண்டடிக்கு மேல் அகலம் வரும், ஆகையால் கதவு மூன்றடியாவது இருப்பது நல்லது. இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். குழுவுக்கென்று ஒன்று வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் வரும். பாத்ரூம் போக முடியாது என்று தெரிந்தால் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். திருச்சி வெயிலில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரிவுப் பலகை போடுவதாக இருந்தால் கணக்கு இதுதான்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆர்வத்தில் நாலடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் அது சறுக்குமரம் ஆகிவிடும். நாலு பேர் சேர்ந்து வீல்சேரோடு தூக்கிவிடலாம் என்பார்கள். ஒரு தடவை வேறு வழியில்லாமல் செய்தால், பிள்ளையிடம் கேட்டுவிட்டு, எங்கே பிடிக்க வேண்டும் என்று அதனிடமே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எல்லாத் தடவையும் அதுதான் திட்டம் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

இடத்தை மாற்றுவது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. மலைக்கோட்டைக்கு மறு வருடம் நாங்கள் கல்லணை போனோம், யாருக்கும் குறை இல்லை. சென்னையில் இருக்கிறீர்கள் என்றால் மெரினாவில் அலைக்குப் பக்கம் வரை வீல்சேர் போக மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தி, பிறகு சரிசெய்தார்கள். எங்கே போவதானாலும் முந்தின வாரம் போய்ப் பார்த்துவிடுங்கள். போன வருடம் இருந்த பாதை இந்த வருடமும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சத்தமும் வெளிச்சமும் இடத்தில் சேர்த்திதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு ஸ்பீக்கர் சத்தம், பறை, ஒரே நேரத்தில் முப்பது பேர் கத்துவது எல்லாம் தாங்காது. ஒதுங்கி உட்கார ஒரு அமைதியான மூலை, ஒரு பாய், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். அது தண்டனை மூலை இல்லை என்பது தெரிய, மற்ற பிள்ளைகளும் அங்கே போய்வரட்டும். அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: பாட்டு, ஆட்டம், சாப்பாடு, கதை, வீடு. முடிந்ததை ஒரு பிள்ளை அடித்துக்கொண்டே வரும். "அடுத்து என்ன, அடுத்து என்ன" என்று நச்சரிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இது நல்ல மருந்து. கேம்ப் ஃபயர் வைத்தால், காது கேளாத பிள்ளைக்கு இருட்டில் உதடும் தெரியாது, சைகையும் தெரியாது என்பது நினைவிருக்கட்டும். பேசுகிறவர் முகத்தில் டார்ச் அடிக்க ஒரு பிள்ளையை வைத்தால் கதை எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஆட்டத்தை மாற்றுவது

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் திணறுவார்கள். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் ஆடுகிற எல்லாருக்கும் அவுட் உண்டு. அவுட் ஆக முடியாத ஆளை ஆட்டத்தில் வைக்க மாட்டோம். அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்றால் ஆட்டம் இன்னும் சரியாக மாற்றப்படவில்லை என்று அர்த்தம்.

உதாரணத்துக்கு எறிபந்து. காலிப்பர் பையனை நின்று ஆடவிட்டால் இரண்டாவது பந்திலேயே விழுவான். முதலில், அவனிடம் பந்து வந்தால் இரண்டு தடவை தரையில் குத்தலாம் என்று சலுகை கொடுத்துப் பார்த்தோம். அவனுக்கே பிடிக்கவில்லை. உட்கார்ந்து ஆடும் வாலிபால் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அதைப் பார்த்து எல்லாரையும் தரையில் உட்கார வைத்தோம். நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறு, சின்ன கோர்ட், லேசான பந்து. பிட்டம் தரையைவிட்டு எழும்பினால் ஃபவுல். அவ்வளவுதான் விதி. காலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவன் கையை ஊன்றி நகர்ந்தபோது மற்றவர்கள் வாய் பிளந்தார்கள். வருடக்கணக்காகக் கையால் உடம்பைத் தூக்கிப் பழகியவன். நன்றாக ஓடுகிற பிள்ளைகள் தரையில் தவித்துக்கொண்டிருக்க, இவன் கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழுக்கிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு டீம் பிரிக்கும்போது முதல் பெயராக அவனைக் கூப்பிட்டார்கள். நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை, பிள்ளைகளுக்கு ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லா ஆட்டத்துக்கும் இப்படிப் பெரிய வேலை வேண்டியதில்லை. பார்வை இல்லாத பிள்ளை இருந்தால் பந்தைக் கேரிபேக்கில் போட்டுக் கட்டுங்கள், உருளும்போது சரசரக்கும். கோட்டைச் சுண்ணாம்பில் போடுவதற்குப் பதில் தரையில் சணல் கயிறு வைத்து அதன் மேல் டேப் ஒட்டினால் காலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். பார்வையற்றோர் ஆடும் கோல்பாலில் கோடு போடுவது இப்படித்தான். ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பிள்ளையோடு மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிடுங்கள். நடக்கும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை அது பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும்.

காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு ஒரு சிவப்புத் துணியும் காட்டினால் முடிந்தது. மியூசிகல் சேரில் பாட்டு நிற்கும்போது கொடியைத் தாழ்த்துங்கள். அப்போது எல்லாரும் கொடியைப் பார்த்தபடியே சுற்றி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, ஆட்டம் பழையதைவிட வேடிக்கையாகிவிடும். லாக் அண்ட் கீ ஆட்டத்தில் வீல்சேர் பிள்ளை நாற்காலியைத் தானே தள்ளட்டும், மற்றவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஓடட்டும். வேகம் சமமாகிவிடும். பின்னால் நின்று வேறொருவர் நாற்காலியைத் தள்ளினால் ஓடுவது அவர்தான், பிள்ளை வெறும் பயணி.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு விதியை வாயால் விளக்குவதைவிட ஒரு தடவை மெதுவாக ஆடிக் காட்டுவது நல்லது. ஒரு நேரத்தில் ஒரே விதி. முதல் வாரம் ஓடிப் பிடிப்பது மட்டும், அடுத்த வாரம் வீடு, அதற்கடுத்து உயிர் கொடுப்பது. வேகம் குறையும்தான். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சலிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு மணி நேரத்தில் பாதியை எல்லாரும் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு வைத்துவிட்டு, மீதிப் பாதியில் இரண்டு மூன்று ஆட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நடத்தி யார் எதில் வேண்டுமானாலும் சேரலாம் என்று விடுவோம். பல்லாங்குழி, தாயம், கேரம் எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் வீல்சேர் பிள்ளை என்றால் கேரம் போர்டு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கேரம் பிடிக்காத வீல்சேர் பிள்ளைகளும் உண்டு.

மற்ற பிள்ளைகளும் அவர்கள் வீடும்

பிள்ளைகளிடம் நீளமாகப் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. "இவளுக்குக் காது கேக்காது. முகத்தைப் பாத்துப் பேசினா புரிஞ்சுக்குவா. பின்னாடியிருந்து கூப்பிடாதீங்க, தோள்ல தட்டுங்க." இவ்வளவுதான். அதையும் அந்தப் பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்டுக்கொண்டே சொல்லுங்கள். "பாவம்", "சாமி குழந்தை" இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சாமி குழந்தையோடு யாரும் சண்டை போட முடியாது, சண்டை போட முடியாத பிள்ளைக்கு நண்பன் எங்கிருந்து வருவான்?

துணைக்கு ஒரு பிள்ளையைப் போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வாரா வாரம் ஆளை மாற்றுங்கள். பொறுப்பான ஒரே பெண்பிள்ளையின் தலையில் அதைக் கட்டி, அவள் விளையாட்டையும் கெடுத்து, அவளைக் குட்டி ஆயாவாக்கிவிடுவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

மற்ற பெற்றோர் ஒருவராவது வந்து "இவங்களால எங்க பிள்ளை கவனிப்பு குறையுது" என்று சொல்வார். வாதாடாமல் ஒரு ஞாயிறு வந்து உட்காரச் சொல்லுங்கள். சிலர் சமாதானம் ஆவார்கள். எங்களிடம் இரண்டு குடும்பம் நின்றுவிட்டது. நின்றால் நிற்கட்டும் என்றுதான் விட்டோம்.

பாத்ரூம், மருந்து, வலிப்பு

பாத்ரூமுக்கு உதவி வேண்டிய பிள்ளை என்றால் யார் உதவுவது என்பதைப் பெற்றோர், பிள்ளை இருவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். உதவுகிறவர் அதே பாலினத்தவராக இருப்பது நல்லது. இன்னொரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் நிற்க வேண்டும். வயது வந்த எவரும் எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. இந்த விதியில் சமரசமே வேண்டாம். பேச்சு வராத பிள்ளைகளால் நடந்ததை வெளியே சொல்ல முடியாது என்று தெரிந்தே நெருங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் பற்றித் தொண்டர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

மருந்தைப் பெயர் எழுதிய டப்பாவில் வாங்கி ஒரே ஆள் பொறுப்பில் வையுங்கள்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கல், நாற்காலியை நகர்த்திவிட்டு, தலைக்கடியில் மடித்த துண்டு வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்காதீர்கள். யாராவது கொத்துச் சாவியோடு ஓடி வருவார், அவரைத் தடுப்பதற்கே ஒரு ஆள் வேண்டும். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்ற கையோடு மறுபடி வந்தாலோ 108. தெளிந்த பிறகு பிள்ளை கொஞ்சம் தூங்கட்டும். அடுத்த வாரமும் அது குழுவுக்கு வர வேண்டும், "வீட்டிலயே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

மேலிடம் "வேண்டாம்" என்றால்

உங்களுக்கு மனது இருந்தும் தலைமையாசிரியரோ கமிட்டியோ தயங்கலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது, பாடத்தோடு விளையாட்டையும் பொழுதுபோக்கையும் சேர்த்தே சொல்கிறது: மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு. ஆக, ஆண்டுவிழாவும் சுற்றுலாவும் சாரணர் முகாமும் பள்ளியின் தயவு இல்லை. இந்தியா 2007-ல் ஏற்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவிலும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாடும் உரிமை இருக்கிறது. தெரு கிளப், கோயில் குழு மாதிரி பள்ளிக்கு வெளியே இருப்பவற்றுக்குச் சட்டம் இவ்வளவு நேராகப் பேசுவதில்லை, அங்கே பேச்சுவார்த்தைதான் முதல் ஆயுதம்.

சட்டத்தை எடுத்த எடுப்பில் மேசையில் போடாதீர்கள். "ஒரு தடவை செய்து பார்ப்போம் சார், பொறுப்பு நான் எழுதித் தருகிறேன்" என்று தொடங்கினால் பாதி இடத்தில் வேலை முடிந்துவிடும். முடியாத இடத்தில் பெற்றோர் எழுத்தில் மனு கொடுத்து, எழுத்தில் பதில் கேட்கட்டும். "சேர்க்க முடியாது" என்று வாயால் சொல்கிறவர்கள் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், கடைசியாக மாநில ஆணையர். ஆணையருக்கு சிவில் நீதிமன்றம்போல ஆளை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் பிரிவு 92-ன்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்கிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

முடிந்த மறுநாள்

ஒரு நோட்டுப் போடுங்கள். "எத்தனை மாற்றுத்திறன் குழந்தைகள் கலந்துகொண்டனர்" என்ற எண்ணிக்கை ரிப்போர்ட்டுக்கு ஆகும், அதைத் தாண்டி ஒன்றும் சொல்லாது. மேடையில் பரிசு கொடுத்து எடுத்த போட்டோவும் அப்படித்தான். அந்தப் போட்டோவைப் போடுவதற்கு முன் வீட்டில் கேளுங்கள். நாங்கள் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: இன்று அவுட் ஆனானா? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான்? பெரியவர்கள் தலையிடாமல் அவனோடு பேசியது யார்? எந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான், எத்தனை நிமிடம்? பஸ்ஸின் முதல் படி உயரம், அடுத்த தடவை முக்காலி எடுத்துப் போக வேண்டும்.

உட்கார்ந்து ஆடும் எறிபந்து தொடங்கி இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டில் ஒரு வரி ஏறியது. காலிப்பர் பையன் அழுகுணி ஆட்டம் ஆடினான். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததைப் பார்த்துக்கொண்டே உள்ளே என்று சாதித்தான். எதிர் டீம் மொத்தமும் சேர்ந்து திட்டியது. ஒரு ஆட்டம் வெளியே உட்கார வைத்தோம். காலிப்பரை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

ராத்திரி அவன் அம்மா போன் செய்தார். "சார், இன்னிக்கு உங்க மேல ரொம்பக் கோவமா வந்தான். சாப்பிடக்கூட இல்ல. என்ன ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன்.

"அழுகுணி ஆட்டமா ஆடினான்?"

"ஆமாம்மா."

"அப்போ நல்லா வேணும்" என்றார்.